பட்டு என்பது இழையின் பெயர், ட்வில் என்பது நெசவின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், முகூர்த்தக் காலத்தை முன்னிட்டுப் பட்டுத் துணி வாங்குவோருக்கான வழிகாட்டிக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. விலையை மட்டும் பேசாமல் துணியின் தன்மையையும் பேச முனைந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதனுடன் வந்த பெட்டிச் செய்தியில், ‘பட்டின் வகைகள்’ என்னும் தலைப்பின் கீழ் மல்பெரிப் பட்டு, டஸ்ஸர் பட்டு, ட்வில் பட்டு, சாட்டின் பட்டு, கிரேப் பட்டு என்று ஐந்தையும் ஒரே வரிசையில் அடுக்கியிருந்ததைப் படித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெசவுத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்ற என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முதல் இரண்டும் கூடு கட்டும் புழுவைப் பொறுத்த பெயர்கள். அடுத்த இரண்டும் தறியில் நெய்யும் முறையைப் பொறுத்த பெயர்கள். கடைசிப் பெயரோ நூலுக்கு ஏற்றும் முறுக்கைப் பொறுத்தது. அரிசியின் வகைகளைப் பட்டியலிடப் புகுந்த ஒருவர் பொன்னி, சீரகச் சம்பா, இட்லி, இடியாப்பம் என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தப் பெட்டிச் செய்தி.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று வாசகர்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. இந்தக் குழப்பத்தில் கைக்காசு போகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் என் தம்பி மகளின் நிச்சயதார்த்தத்திற்கு ரவிக்கைத் துணி எடுக்க ஒரு கடைக்குச் சென்றிருந்தோம். விற்பனையாளர் ஒரு துணியை விரித்து, அதில் ஓடிய மெல்லிய சாய்கோடுகளைக் காட்டி, “ஐயா, இந்தக் கோடு தெரியுது பாருங்க, இது இருந்தாத்தான் அசல் ட்வில் பட்டு, மத்ததெல்லாம் கலப்படம்” என்றார். ஓரத்திலிருந்து பாவில் (நீளவாக்கில்) இரண்டு இழையும் ஊடையில் (குறுக்குவாக்கில்) இரண்டு இழையும் பிரித்து வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியைக் காட்டினேன். மயிர் கருகும் நாற்றமும் இல்லை, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் இல்லை. நான்கு இழைகளும் சுருண்டு உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நின்றன. முழுக்க முழுக்க பாலியெஸ்டர். அந்த இளைஞர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாய்கோடு ட்வில் நெசவுக்கு அடையாளமே தவிரப் பட்டுக்கு அடையாளம் ஆகாது என்பதை அவருக்கும், அவரிடம் துணி வாங்குவோருக்கும் யாராவது எழுதிச் சொல்லியிருக்க வேண்டும்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு, நூல் சுற்றிய நாடா என்னும் கருவி குறுக்கே கொண்டு செல்வது ஊடை என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊடை ஒரு பாவிழைக்கு மேலும் அடுத்த பாவிழைக்குக் கீழும் மாறி மாறிச் சென்றால் அது சாதா நெசவு. நம் வேட்டியும் துண்டும் கைக்குட்டையும் அப்படி நெய்தவையே. ட்வில் நெசவில் ஊடை இரண்டு பாவிழைகளுக்கு மேலேறி இரண்டுக்குக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் ஊடையும் அதே கணக்கில்தான் செல்கிறது, ஆனால் ஓர் இழை தள்ளித் தொடங்குகிறது. அதற்கடுத்தது இன்னும் ஓர் இழை தள்ளி. இப்படி ஒவ்வொன்றும் ஒரு படி நகர்வதால், துணியின் முகத்தில் படிக்கட்டு போல ஒரு சாய்கோடு தானாக எழுகிறது. அதை யாரும் வரைவதில்லை, அச்சிடுவதில்லை, தனி நிற நூல் இட்டுக் காட்டுவதும் இல்லை. பாவிழைகளைத் தூக்கி இறக்கும் தறி உறுப்பான விழுது சாதா நெசவுக்கு இரண்டு போதும் என்றால், ட்வில்லுக்குக் குறைந்தது மூன்று வேண்டும்; நான் சொன்ன இரண்டுக்கு இரண்டு ட்வில்லுக்கு நான்கு விழுது கட்டி, ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும், நான்கும் ஒன்றும் என்று சோடி சோடியாகத் தூக்க வேண்டும். பாவும் ஊடையும் ஒரே பருமனாகவும், அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையாகவும் இருந்தால் கோடு 45 பாகையில் சாயும். பாவிழையின் நெருக்கம் கூடக் கூடக் கோடு நிமிரும். கபர்டின் என்னும் நெருக்கமான ட்வில் துணியில் கோடு செங்குத்தாக நிற்பது போலத் தோன்றுவது அதனால்தான்.

இந்த நெசவைப் பார்க்காத தமிழர் இன்று எவரும் இல்லை. காவலர் அணியும் காக்கி டிரில் ஒரு ட்வில். பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டைத் துணியில் பெரும்பகுதி ட்வில். ஜீன்ஸின் டெனிம், மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் நெய்த ட்வில். பாவு நீலச் சாயம் ஏறியது, ஊடை வெள்ளை, முகத்தில் முக்கால் பங்கு பாவே தெரிகிறது. கால்முனையை மடித்துப் பார்த்தால் உட்புறம் வெளிறித் தெரிவதன் காரணம் இதுவே, வெளுத்துப்போனதால் அன்று. இத்தனை துணிகளிலும் பட்டு ஓர் இழைகூட இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் பட்டை ஏன் ட்வில்லாக நெய்கிறார்கள் என்பதுதான் எழ வேண்டிய கேள்வி. சாதா நெசவில் ஒரு பாவிழை நான்கு ஊடைகளுக்குள் நான்கு முறை மேலும் கீழும் மாறுகிறது. இரண்டுக்கு இரண்டு ட்வில்லில் இரண்டே முறை. மாற்றம் பாதியாகக் குறைவதால் இழைகள் ஒன்றையொன்று நெருங்கி உட்கார இடம் கிடைக்கிறது. துணி அடர்த்தியாகவும் அதே வேளையில் நெகிழ்வாகவும் அமைகிறது. கசங்கினாலும் மடிப்பு ஆழமாகப் பதிவதில்லை. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு; மாணவர்கள் தேர்வில் ஆண்டுதோறும் தவறவிடும் இடம் இதுவே. இழை எண்ணிக்கையைக் கூட்டாமல், சாதா நெசவுக்கு வைத்த அதே எண்ணிக்கையில் ட்வில் நெய்தால் கிடைப்பது தளர்ந்த, இழை விலகும் துணி. ட்வில் உறுதியானது என்று பொதுவாகச் சொல்வது, அது தரும் இடத்தைப் பயன்படுத்தி இழைகளை நெருக்கிப் போட்டால் மட்டுமே உண்மை.

பட்டின் இயல்பு இதனுடன் சேரும்போது வேறொரு அழகு பிறக்கிறது. பருத்தி நூல் குட்டை இழைகளை முறுக்கிச் சேர்த்தது. அதன் மேல் எப்போதும் மெல்லிய பூ மயிர் நிற்கும். பட்டோ ஒரு கூட்டிலிருந்து சுமார் 1,000 மீட்டர் வரை அறுபடாமல் வரும் இழை; அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்காக இருக்கும் செரிசின் என்னும் பசையைச் சோப்புக் கொதிநீரில் நீக்கிவிட்டால், எஞ்சும் இழை மழமழப்பாகவும், குறுக்கு வெட்டில் ஏறக்குறைய முக்கோணமாகவும் இருக்கும். பட்டகத்தில் பட்டது போல ஒளி சிதறுவதற்கு அந்த வடிவம்தான் காரணம். சாதா நெசவில் இழை அடிக்கடி மூழ்கி எழுவதால் அந்த ஒளி துண்டு துண்டாக உடைகிறது. சாட்டின் நெசவில் இழை நெடுந்தூரம் மிதப்பதால் கண்ணாடி போலப் பளபளக்கிறது. ட்வில் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மிதவைகள், அதாவது இழை மேலே மிதந்து தெரியும் இடங்கள், படிப்படியாக நகர்வதால், துணியைச் சற்றே திருப்பினால் ஒளியும் சாய்வாக வழிந்து நகர்கிறது. நல்ல பட்டு ட்வில்லில் கோடு அவ்வளவு நுண்ணியது. பிக் கிளாஸ் என்னும் இழை எண்ணும் உருப்பெருக்கி இல்லாமல் எண்ணிவிட முடியாது. கைக்கு அகப்படும் அளவுக்குத் தடித்த கோடு இருந்தால் அது பட்டுதானா என்று ஐயப்படுவதே நல்லது.

கழுத்துப் பட்டையும் ஸ்கார்ஃபும் செய்வோர் பட்டு ட்வில்லை விரும்புவதற்கும் இதே இயல்புகள்தான் காரணம். சாட்டினில் முடிச்சு வழுக்கிக் கழன்றுவிடும்; ட்வில்லின் வரிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் முடிச்சு நிற்கும். நெருக்கமான முகம் இருப்பதால் அச்சிட்ட வண்ணம் விளிம்பு சிதறாமல் கூர்மையாகப் பதியும். பாரிஸின் எர்மெஸ் நிறுவனம் 1937-இல் தொடங்கிய 90 செ.மீ. சதுரப் பட்டு ஸ்கார்ஃபுகள் உலகப் புகழ் பெற்றது ஓவியத்தால் என்பார்கள். அந்த ஓவியத்தைத் தாங்கி நிற்கும் துணி ட்வில் என்பதை யாரும் சொல்வதில்லை. ஐரோப்பியச் சந்தையில் ‘சூரா’ என்னும் மென்மையான பட்டு ட்வில் ஒன்று உண்டு; அந்தப் பெயர் நம் சூரத் நகரத்தின் பெயரிலிருந்து வந்ததாக அகராதிகள் குறிக்கின்றன.

சாட்டினையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் ட்வில்லின் கோட்டை வேண்டுமென்றே மறைப்பதுதான் சாட்டினின் வேலை. ஐந்து இழைச் சாட்டினில் ஒவ்வோர் இழையும் நான்கின் மேல் மிதந்து ஒன்றில் கட்டுப்படுகிறது. கட்டும் இடம் ஒவ்வொன்றாக நகர்ந்தால் ட்வில் கோடு வந்துவிடும். ஆகவே இரண்டிரண்டாகத் தாண்டி, முதல், மூன்றாம், ஐந்தாம், இரண்டாம், நான்காம் இழை என்று கட்டுகிறார்கள். கட்டுகள் ஒன்றையொன்று தொடாததால் கோடு தெரிவதில்லை, முகம் ஒரே பரப்பாக மின்னுகிறது. எட்டு இழைக்கு மூன்று மூன்றாகத் தாண்டினால் இதே போலப் பொருந்துகிறது. ஆறு இழைக்கோ எத்தனை தாண்டினாலும் ஒழுங்கான சாட்டின் அமையாது. இரண்டிரண்டாகத் தாண்டினால் மூன்று இழைகளிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும், மூன்று மூன்றாகத் தாண்டினால் இரண்டிலேயே திரும்பிவிடும், ஒன்று அல்லது ஐந்து என்றால் மறுபடி ட்வில். எண்கணிதம் தறியில் உட்கார்ந்திருப்பதை இதைவிட எளிதாகக் காட்டும் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த நீண்ட மிதவைதான் சாட்டினின் பலவீனமும். வளையலில், மெட்டியில் மாட்டி இழை இழுபடுவது சாட்டினில் அதிகம், ட்வில்லில் குறைவு, சாதா நெசவில் மிகக் குறைவு.

பெயர்களின் குழப்பம் நம் காலத்தில் தோன்றியது அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாட்டின் என்ற சொல்லே, சீனாவின் சுவான்சௌ துறைமுகத்துக்கு அரபு வணிகர்கள் இட்ட ஜைத்தூன் என்னும் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பி, 1281-இல் தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டுப் பொறித்த அதே ஊர் அது. ஆட்டு ரோமத்தில் நெய்யும் ட்வில்லுக்கு வழங்கும் ‘சர்ஜ்’ என்ற பெயரோ, பட்டைக் குறிக்கும் ‘செரிக்கா’ என்னும் லத்தீன் சொல்லின் வழித்தோன்றல். பட்டைக் குறித்த பெயர் மெல்ல மெல்ல நெசவைக் குறிக்கத் தொடங்கி, கடைசியில் பட்டே இல்லாத கம்பளித் துணியில் போய் நின்றது. பிரான்சின் நீம் நகரத்துச் சர்ஜ்தான் டெனிம் ஆனது என்னும் பரவலான விளக்கத்தை ஏற்றால், இன்று இளைஞர்கள் அணியும் ஜீன்ஸின் பெயர் வரலாற்றிலும் ஒரு பட்டு இழை ஓடுகிறது. ஆக, பட்டும் ட்வில்லும் பெயரில் கலப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். அதற்காக நாமும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

பட்டைக் கண்டுபிடித்த சீனர்கள் விட்டுவிடவில்லை. சாதாவாக நெய்த பட்டு அவர்களுக்கு ‘ஜுவான்’, ட்வில் பட்டு ‘லிங்’, சாட்டின் பட்டு ‘துவான்’, பல வண்ணப் பூவேலைப் பட்டு ‘ஜின்’. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்தே உண்டு. நெசவு மாறினால் துணியின் பெயரும் மாறுகிறது. நம்மிடமும் சொல் வளம் குறைவில்லை. கோர்வை, பிட்னி, கட்டம், கரை, முந்தி, பேட்டு என்று சேலையின் ஒவ்வோர் அங்கத்துக்கும் சொல் வைத்திருக்கிறோம். நெசவின் அமைப்புக்கு மட்டும் சொல் வைக்காமல் போனதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: காஞ்சிபுரம் சேலையின் உடல் பெரும்பாலும் சாதா நெசவு. பல இழைகளை முறுக்கிச் சேர்த்த கனத்த நூலும், கரையின் ஜரிகைப் பாரத்தைத் தாங்கும் விறைப்பும் வேண்டிய அந்தச் சேலைக்கு, இழைக்கு இழை பூட்டிக்கொள்ளும் சாதா நெசவைப் போலப் பொருத்தமானது வேறில்லை. அங்கே கைத்திறன் முழுவதும் உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் கோர்வையிலும் பூவேலையிலும் நிறச் சேர்க்கையிலும் சென்றது. இந்திய மண்ணில் ட்வில்லின் உச்சத்தைக் காண வேண்டுமானால் காஷ்மீரின் கனி சால்வைக்குச் செல்ல வேண்டும். சிறு மரக்குச்சிகளில் சுற்றிய வண்ண நூல்களை இரண்டுக்கு இரண்டு ட்வில் தளத்தில் கோத்துப் பின்னும் அந்த வேலை பட்டில் அன்று, ஆட்டின் மெல்லிய அடி ரோமமான பஷ்மினாவில் நடப்பது. சாதா நெசவுப் பட்டு தாழ்ந்தது, ட்வில் பட்டு உயர்ந்தது என்று தங்கள் கட்டுரையின் ஓரிடத்தில் தொனிப்பதை இதனால்தான் மறுக்கிறேன். வேலை வேறு, நெசவு வேறு. உயர்வு தாழ்வு அதில் இல்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். தமிழில் பனைமரம், மல்லிகைப்பூ என்று சிறப்புப் பெயரை முன்னும் பொதுப் பெயரைப் பின்னும் வைத்துச் சொல்வது வழக்கம். மல்பெரிப் பட்டு, டஸ்ஸர் பட்டு, முகா பட்டு, ஈரிப் பட்டு ஆகியவை அந்த இலக்கணத்துக்குச் சரியாகப் பொருந்துகின்றன. அதே அச்சில் ‘ட்வில் பட்டு’, ‘சாட்டின் பட்டு’ என்று எழுதும்போது, படிப்பவர் மனத்தில் பட்டு என்பது உறுதியான பொதுப் பெயராகவும், ட்வில் என்பது அதன் ஓர் இனமாகவும் பதிந்துவிடுகிறது. வணிகர்களுக்கு இது மிகவும் வசதி. பாலியெஸ்டர் சாட்டினைச் ‘சாட்டின் சில்க்’ என்று பெயரிட்டு அடுக்கி வைத்தால், கேட்பவர் இரண்டாவது சொல்லை நம்பி வாங்கிச் செல்கிறார். மாறாகப் பட்டுச் சேலை, பருத்திச் சேலை என்று சொல்வது போலப் ‘பட்டு ட்வில்’, ‘பருத்தி ட்வில்’, ‘பாலியெஸ்டர் ட்வில்’ என்று இழையை முன்னும் நெசவைப் பின்னும் வைத்து எழுதினால், எதனால் ஆனது, எப்படி நெய்தது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பெயரில் விடை வந்துவிடும். நானே இந்தக் கடிதத்தில் சீனச் சொற்களை விளக்கும்போது பழைய வழக்கில் வழுக்கிவிட்டேன். பழக்கம் எவ்வளவு வலியது என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும் என்று திருத்தாமல் விட்டிருக்கிறேன். ட்வில்லுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்போர் ‘சாய்வரி நெசவு’ என்று எழுதலாம். பார்த்தவுடன் பொருள் விளங்கும்.

வாங்குவோருக்கு ஒன்றிரண்டு செய்திகளும் அந்தக் கட்டுரையில் இடம்பெற்றிருக்கலாம். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரை, துணி தூய பட்டிழையால் ஆனது என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. நெசவையோ, துணியின் கனத்தையோ, ஜரிகையின் தரத்தையோ அது பேசுவதில்லை. கனத்துக்கு மொம்மே என்னும் அளவு உண்டு. 45 அங்குல அகலமும் 100 கெஜ நீளமும் கொண்ட பட்டுத் துணி எத்தனை பவுண்டு எடையோ அத்தனை மொம்மே. ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.34 கிராம். 16 மொம்மேப் பட்டு ட்வில் என்றால் சதுர மீட்டருக்கு 69 கிராம் வரும். ஒரு மீட்டர் துணியைக் கடையிலேயே தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். அகலத்தைக் கணக்கில் கொள்ள மட்டும் மறக்கக் கூடாது. எரித்துப் பார்ப்பவர்கள் பாவு இழையையும் ஊடை இழையையும் தனித்தனியே எரிக்க வேண்டும், ஏனெனில் பாவு பட்டாகவும் ஊடை வேறொன்றாகவும் இருக்கும் துணிகள் ஏராளம். கலப்பு என்று சொல்லி விற்றால் அதில் குற்றமும் இல்லை. பட்டுப் பாவும் பருத்தி ஊடையுமாகச் சாட்டின் முறையில் நெய்யும் குஜராத்தின் மஷ்ரு துணி, பட்டு வெளியேயும் பருத்தி உடலை ஒட்டியும் அமையும்படி கருதியே உருவானது.

இறுதியாக ஒரு சிறு திருத்தம். அந்தக் கட்டுரையின் மூன்றாவது படத்துக்குக் கீழே ‘பளபளக்கும் சாட்டின் பட்டு’ என்று அச்சாகியிருந்தது. படத்தில் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் நோக்கி வரிகள் தெளிவாக ஓடுகின்றன. நடுவில் ஓரிடத்தில் அவை எதிர்ப்புறம் திரும்பி, மீன் முள்ளைப் போலக் கோணமிடுகின்றன. அது சாட்டின் அன்று. திசை மாற்றி நெய்த ட்வில். பட்டா என்பதைப் படத்தை வைத்து என்னாலும் சொல்ல இயலாது. துணியிலிருந்து இரண்டு இழை அனுப்பி வைத்தால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நெசவுத் தொழில்நுட்ப ஆசிரியர்,
சேலம்.